தாம்பாளத்தில் இருந்த இரும்புப் பந்து

முதலில் அந்தக் கூவலைச் சொல்லிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கிட்டத்தில் இருக்கும். ஒரு வீட்டுக் கூடத்தில், மடிப்புக் கலையாத புதுப் பாயில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெண் பார்க்க வந்திருந்தேன். எதிரே பெண்ணின் அப்பா கருப்பையா. அவருக்குப் பின்னால் எட்டு ஒன்பது பேர். என் பக்கத்தில் என் ஆத்தா. உள்ளே அதிரசம் வேகிற வாசனை.

அப்போது தூரத்தில் ஒரு எஞ்சின் நீளமாகக் கூவியது. பாசஞ்சர் வண்டி. நிற்க வேண்டிய நேரத்துக்கு மேல் நின்றுவிட்டு, டிரைவர் பொறுமை இழந்து இழுக்கிற கூவல் அது. அது ஓய்ந்ததும் இன்னொரு எஞ்சின் விட்டுவிட்டுக் கூவியது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என் எஞ்சின். நான் இங்கே பாயில் இருக்கிறேன், அது அங்கே நின்று என்னைக் கூப்பிடுகிறது.

"என்ன தம்பி, ரெண்டு ரயிலும் ஒண்ணையொண்ணு ஏசிக்கிதா?" என்றார் கருப்பையா.

நான் சிரித்தேன். பதில் சொல்லாமல் சிரிப்பது எனக்கு நன்றாக வரும்.

எழுந்து போய் என்னவென்று பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு, "கொஞ்சம் இருங்க, போய்ட்டு வாரேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். நாலு வார்த்தை. இரண்டுக்கு மேல் எனக்கு வராது. உட்கார்ந்தே இருந்தேன்.

வாய் தேவைப்படாத வேலை

எஞ்சின் டிரைவர் என்றால் முரட்டு ஆளாக இருப்பார் என்றல்லவா நினைத்தோம், நீங்கள் இந்தப் பத்தியில் வாரா வாரம் கூச்சப்பட்டுக்கொண்டே இருக்கிறீர்களே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, கூச்சத்தினால்தான் நான் டிரைவரே ஆனேன்.

எங்கள் ஊர் கந்தர்வகோட்டைப் பக்கம். முந்திரிக் காடு உண்டு, ரயில் கிடையாது. புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் நான் ரயில்வேயில் சேர்ந்தேன். ராஜா வேலையை விட்டார், நான் வேலைக்குப் போனேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

திருச்சியில் கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். "சத்தமாப் படி" என்றார் டாக்டர். மறுபடி படித்தேன். "இதுதாங்க அவரு சத்தம்" என்றார் கூட நின்ற குமாஸ்தா. எடுத்துக்கொண்டார்கள்.

எஞ்சினில் ஏறிய முதல் நாளே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. கரி வேண்டுமென்றால் ஒரு விரல், தண்ணீர் என்றால் இரண்டு விரல், சாப்பாடு என்றால் ஐந்து விரல். சத்தமில்லாத உலகத்தில் என்னைப் பார்த்து எல்லாரும் "பேசு, பேசு" என்பார்கள். இங்கே பேசினால்தான் தப்பு.

எஞ்சின் துடைக்கிறவனாகச் சேர்ந்து, பயர்மேனாகிக் கரி அள்ளிப் போட்டு, பதினாலு வருஷம் கழித்து கூட்ஸ் வண்டிக்கு டிரைவர் ஆனேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டோ முப்பத்திமூன்றோ. கல்யாணம் ஆகவில்லை.

ஆத்தா சும்மா இருக்கவில்லை. மூன்று வீடு பார்த்தாள். முதல் வீட்டில் நான் தலையை நிமிர்த்திக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார்கள். "ஓடு நல்லா வேஞ்சிருக்கீங்க" என்றேன். இரண்டாவது வீட்டில் அதுகூடச் சொல்லவில்லை. ஊமைக்கு எப்படி ரயில்வேயில் வேலை போட்டுக் கொடுத்தார்கள் என்று அந்த வீட்டிலிருந்து ஆள் விட்டுக் கேட்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு நான் போகவே இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதிப் போட்டேன். ரயில்வேக்காரன் சொல்கிற பொய்களில் மிகப் பழையது அது.

லீவில்லாத பெண் பார்த்தல்

என் பயர்மேன் காதர் இலுப்பூர்க்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நியாயமாக அவர்தான் டிரைவராக இருக்க வேண்டும். பரீட்சை வைக்க வந்த இன்ஸ்பெக்டரிடம், "இந்தக் கேள்விய எல்லாம் எஞ்சினுக்கிட்டக் கேளுங்க, அதுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அதோடு அவர் பதவி உயர்வு நின்றது. எஞ்சின் மேல் நான் சொல்வதை அவர் கேட்பார். கீழே இறங்கினால் அவர் சொல்வதை நான் கேட்பேன்.

ஆத்தா அவரைப் பிடித்தாள்.

எங்கள் கூட்ஸ் வண்டி காலையில் புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஒதுங்கும். மேலப்பட்டி என்று வைத்துக்கொள்வோம். இருந்தது ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் பாசஞ்சருக்கு வழி விட்டு, பக்கத்துத் தடத்தில் ஒன்றரை மணி நேரம் கிடப்போம். அந்த ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில்தான் கருப்பையா வீடு.

"லீவே வேணாம் ஆத்தா. சர்க்கார் சம்பளத்துலயே பொண்ணு பாத்துரலாம்" என்று காதர் யோசனை சொல்லியிருக்கிறார்.

ஆத்தா முதல் நாளே பஸ்ஸில் போய் மேலப்பட்டியில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டாள். திருச்சிச் சந்தையில் தேங்காய், பழம், வெற்றிலை, எலுமிச்சை, கதம்பம் எல்லாம் வாங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டு எஞ்சினில் கொண்டுவருவது என் பொறுப்பு. பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே.

அந்தப் பந்தின் வேலை

இந்த இடத்தில் ஒரு இரும்புப் பந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு மெஷின் உண்டு. அதன் வயிற்றில் கொய்யாப்பழம் அளவில் இரும்புப் பந்துகள். டோக்கன் என்போம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு பந்துதான் வெளியே வரும். அது கையில் இருக்கிற டிரைவர்தான் அந்த வழியில் போகலாம். அடுத்த ஸ்டேஷன் வந்ததும் கொடுத்துவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை அங்கேயுள்ள மெஷினில் போட்டால்தான் அந்த வழிக்கு அடுத்த பந்து வெளியே வரும். பந்து போகாவிட்டால், வண்டியில் மந்திரியே இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

பந்தை ஒரு தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவர் கையில் கொடுப்பார்கள். டிரைவர் பந்தை வெளியே எடுத்து அதில் பொறித்திருக்கும் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு, திரும்பப் பையில் போட்டு, கொக்கியில் மாட்ட வேண்டும்.

அன்றைக்கு அந்தக் கொக்கியில் மஞ்சள் பையும் தொங்கிக்கொண்டிருந்தது.

பந்தை எடுத்தேன். படித்தேன். அந்த நேரம் பார்த்துக் காதர் காதுக்கருகே வந்து கத்தினார்.

"டிரைவர்த் தம்பி! பொண்ணுக்கிட்ட என்ன கேப்பிய?"

நான் தோளைக் குலுக்கினேன்.

"பேரக் கேளுங்க. பேரத் தெரிஞ்சிருந்தாலும் கேளுங்க. கூரையப் பாத்திய, எறக்கி விட்டுருவேன்!"

பெயரைக் கேட்க வேண்டும், பெயரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பந்தைப் பையில் போட்டேன். மஞ்சள் பையில்.

மேலப்பட்டியில் போர்ட்டர் வந்து வளையத்தை வாங்கிப் போனார். பாசஞ்சர் வர நேரம் இருந்ததால், ஸ்டேஷன் மாஸ்டர் தோல் பையைத் திறக்காமல் ஆணியில் மாட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார். அவர் அப்போதே திறந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எஞ்சின் குழாயில் வெந்நீர் பிடித்துக் காதர் என்னைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். மாட்டைக்கூட யாரும் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை. எல்லா அழுக்கும் போயிற்று. இமை ஓரத்துக் கரி மட்டும் போகவில்லை. எஞ்சின்காரர்கள் எல்லாருக்கும் அது நிரந்தரம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எஞ்சினைக் காதரிடம் விட்டுவிட்டு, மஞ்சள் பையோடு நடந்தேன்.

வாசலில் பெண்ணின் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்ள கண்ணுக்கு மையெல்லாம் வச்சுக்கிட்டு வந்திருக்காக" என்று உள்ளே போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. பையையும் அவளே வாங்கிக்கொண்டு போனாள்.

தட்டில் இருந்தது

இனி, கூடத்துப் பாய்க்குத் திரும்புகிறேன். இரண்டு எஞ்சினும் கூவிக்கொண்டிருக்கின்றன. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் பெண், காப்பி டம்ளர்களோடு. தாம்பாளத்தை என் எதிரே வைத்தார்கள். தேங்காய், இரண்டு சீப்புப் பழம், வெற்றிலை, கதம்பம். எலுமிச்சம் பழங்களுக்கு நடுவே, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு இரும்புப் பந்து.

"இது என்னன்னு வெளங்கலத்தா. ஒங்க பக்கத்து வழக்கம்போல. அதான் பொட்டு வச்சுட்டேன்" என்றாள் அத்தை, ஆத்தாவிடம்.

ஆத்தாவுக்கும் விளங்கவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆமா, ரயில்வேக்காரங்க வைப்பாக" என்றாள்.

இரண்டு எஞ்சினும் ஏன் கத்துகின்றன என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு பாசஞ்சர் வண்டி முழுக்க ஜனம் வெயிலில் நிற்கிறது. அவர்கள் போக வேண்டிய வழி, பொட்டு வைத்துக்கொண்டு என் முன்னால் இருக்கிறது.

விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பந்தைப் பாய்ந்து எடுத்தேன். ஓடினேன். கதவருகே பெண் நின்றிருந்தாள். நான் டம்ளரைத்தான் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு, வாசலில் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? பெண் வெளியே வந்த அந்த நொடியில், தட்டில் வைத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஓடுகிறான். எங்கள் பக்கம் தட்டில் வைத்ததைத் திருப்பி எடுத்தால், சம்பந்தம் வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி. நாளைக்கு அந்தப் பெண்ணை வேறு யார் பார்க்க வந்தாலும், "ஒருத்தன் பாத்ததும் ஓடுனானே, அந்தப் பொண்ணா?" என்றுதான் கேட்பார்கள்.

வரப்பில் ஓடும்போது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினேன். கருப்பையா வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த எட்டு ஒன்பது பேரும்.

பிளாட்பாரத்தில் ஒரு பஞ்சாயத்து

ஸ்டேஷன் மாஸ்டர் கும்பிடாத குறையாகப் பந்தை வாங்கினார். குங்குமத்தைப் பார்த்தார். வேட்டி முனையால் துடைத்து மெஷினில் போட்டார். மணி அடித்தது. புதுப் பந்து வந்தது. போர்ட்டர் அதைப் பாசஞ்சர் எஞ்சினுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பாசஞ்சர் கார்டு ஒரு கெடுபிடியான மனிதர். மூக்குக் கண்ணாடியும் பென்சிலுமாக அறை வாசலில் நின்றார். "அரை மணிக்கு மேல லேட். என்ன காரணம்னு எழுதட்டும்?"

ஸ்டேஷன் மாஸ்டர் என் பக்கம் குனிந்து, "வாயை மூடிண்டு இரும். மெஷின் மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடறேன். இல்லேன்னா உம்ம வேலையும் போகும், என் வேலையும் போகும்" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து, "மெஷின் கோளாறு சார்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உயிரே திரும்பி வந்தது போல் இருந்தது.

அதற்குள் கருப்பையா வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது. கோபத்தைவிட அவர் முகத்தில் அழுகைதான் அதிகம் இருந்தது.

"எம் மகளுக்கு என்னய்யா கொறை? சொல்லிட்டுப் போ. கண்ணு கோணலா? காலு நொண்டியா? தட்டுல வச்சத எடுத்துட்டு ஓடுற அளவுக்கு என்னத்தய்யா கண்டே?"

பாசஞ்சரின் எல்லா ஜன்னலிலும் தலைகள். அரை மணி நேரமாகப் பொழுது போகாமல் கிடந்தவர்களுக்கு நாடகம் கிடைத்துவிட்டது.

கார்டின் பென்சில், மெஷின் கோளாறு என்று எழுதப் போயிற்று. அதை எழுதிவிட்டால் என் வேலை தப்பும். ஆனால் மெஷின் கோளாறு என்றால் நான் ஏன் ஓடினேன்? அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் ஓடினேன் என்று ஊர் முழுக்க ஆகிவிடும்.

"கோளாறு மெஷின்ல இல்லீங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. அதுதாங்க என் சத்தம்.

எஞ்சின் மேல் காதரிடம் கத்துவதுபோல் கத்தினேன். "கோளாறு எம்மேல! பந்து எம் பையில வந்துருச்சு! பழத்தோட பழமாக் கொண்டுபோயிட்டேன்! இந்த வண்டி நின்னது என்னாலதான்! பந்தத்தான் எடுத்துக்கிட்டு ஓடுனேன்! பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல! நான் பொண்ணப் பாக்கவே இல்ல!"

ஒரு ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இன்னும் பாக்கவே இல்லையாம்ப்பா!"

"அப்பப் போயிப் பாத்துட்டு வாய்யா! இம்புட்டு நேரம் நின்னாச்சு, இன்னும் பத்து நிமிசம் நிக்க மாட்டமா?" என்றாள் ஒரு அம்மாள், மடியில் கோழியோடு.

கார்டு மட்டும் சிரிக்கவில்லை. எழுதத் தொடங்கியதை அடித்துவிட்டு என் பெயரைக் கேட்டார். எழுதிக்கொண்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. ஜன்னல் ஜன்னலாக எனக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயே திறக்காத மனுஷன்னு எல்லாரும் சொன்னாளேய்யா உம்மை!"

கருப்பையா என் சட்டையை விட்டார். போகிற வண்டியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு குண்டுக்காகவா இம்புட்டுச் சனம் நின்னுச்சு?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

எங்கள் வண்டிக்கும் வழி கிடைத்துவிட்டது. வேட்டியோடேயே எஞ்சினில் ஏறினேன். காதர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பேரக் கேட்டியளா?"

புளியமரத்தடியில், வேலிக்கு அந்தப் பக்கம், அத்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். நான் கத்தியதெல்லாம் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் கூரை எதுவும் கிடைக்கவில்லை. அவளைப் பார்த்தேன்.

தண்டனை

திருச்சியிலிருந்து ஓலை வந்தது. அதிகாரி முன்னால் போய் நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் அனுப்பிய அறிக்கையை அவர் படித்தார். "டோக்கனில் குங்குமம் காணப்பட்டது" என்ற வரி வந்தபோது காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காகிதம் வெகுநேரம் ஆடியது. வேலையை விட்டு அனுப்ப வேண்டிய தப்புதான் என்றார். தப்பை ஒத்துக்கொண்டதால் ஒரு வருஷம் ஷண்டிங் என்று எழுதினார்.

லைனில் ஓடுகிற டிரைவரை ஷண்டிங்கில் போடுவது, குதிரையைச் செக்கில் கட்டுகிற மாதிரி. அவமானம். ஷெட்டில் யார் முகத்திலும் நான் விழிக்கவில்லை. முன்பும் விழித்ததில்லைதான்.

காதர் அதே கூட்ஸ் வண்டியில், வேறு டிரைவரோடு போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் மேலப்பட்டியில் கருப்பையா எஞ்சினடியில் வந்து நின்றாராம்.

"அந்தத் தம்பிய என்னங்க பண்ணுனாங்க?"

"ஷண்டிங்ல போட்டுட்டாங்க."

"அப்புடின்னா?"

"திருச்சி யார்டுக்குள்ளயே பெட்டிய இங்கிட்டும் அங்கிட்டும் தள்ளுறது. காலைல போனா சாயந்தரம் வீடு. ஊரு தாண்டிப் போக முடியாது."

"தெனமுமா வீட்டுக்கு வந்துருவாரு?"

"தெனமும்."

கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டாராம். "எம் மக அன்னைக்கே சரின்னுருச்சு. நாந்தான், ரயில்ல போறவனுக்குக் குடுத்தா மாசத்துல பாதி நாளு அது ஒத்தையிலல்ல கெடக்கணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தேன். இதயா தண்டனைங்கிறாங்க? சீக்கிரமா நாளு பாருங்க, வருசம் ஓடிறப் போகுது."

ஓடத்தான் செய்தது. பாக்கியத்துக்கும் எனக்கும் கல்யாணம் ஆகி, திருச்சியில் குடித்தனம் வைத்து, தினமும் சாயந்தரம் வெளிச்சம் இருக்கும்போதே நான் வீட்டுக்கு வந்து குளித்து, இமை ஓரத்துக் கரியை அவள் சேலை முந்தானையில் எண்ணெய் தொட்டு எடுத்து, சுடச்சுடச் சாப்பிட்டு, பேசவும் பழகிக்கொண்டிருந்த நாளில் அந்த உத்தரவு வந்தது. தண்டனை முடிந்தது, மறுபடி கூட்ஸ் டிரைவர்.

அல்வா வாங்கிக்கொண்டு ஓடி வந்து காகிதத்தைக் காட்டினேன். பாக்கியம் இரண்டு தடவை படித்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"எப்பப் போவீங்க, எப்ப வருவீங்க?"

"திங்கக்கெழம போனா பொதங்கெழம வரலாம். வராமயும் போகலாம்."

அவள் காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஆபீசரு நல்ல மனுசர்னு சொன்னீங்களே. போயிக் கேட்டா, இன்னும் ஒரு வருசம் போட மாட்டாராமா?"